ஆறு கட்டைக் குரல்

எங்கள் மானேஜர் ஒரு பழைய கிராமபோன் தட்டைக் கையில் எடுத்தால் முதலில் அதை முகர்ந்துதான் பார்ப்பார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே விளிம்பை மட்டும் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த அன்று இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. இருமுவது போல் சமாளித்தேன். “சிரிக்காதேம்மா. இது கூடத்து அலமாரியில் இருந்ததா, சமையலுள் பரணில் இருந்ததான்னு வாசனை சொல்லிடும்” என்றார். சமையலுள்ளில் இருந்த தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, ஊசி நிற்காமல் வழுக்குமாம். பிசுக்கில்லாத தட்டு கிடைத்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், பெண்ணுக்கு நல்ல வரன் திகைந்த தகப்பனார்கள் முகத்தில்கூட அவ்வளவு நான் கண்டதில்லை.

அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மனசுக்குள் அவரோடு நான் போடும் சண்டை மட்டும் ஓயவில்லை. மயிலாப்பூரில் இருந்த ஒரு அம்மாளுக்கு அவர் செய்தது உபகாரமா, அபகாரமா? ஒரு நாள் உபகாரம் என்று தோன்றும். மறுநாள் காப்பி குடிக்கும்போது, அடப் பாவி மனுஷா, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றும். வயதானால் தெளிவு வரும் என்கிறார்கள். எனக்கு வந்ததெல்லாம் முழங்கால் வலிதான்.

அது யுத்த காலம். தியாகராய நகரில் ஒரு மாடியில் எங்கள் ரெக்கார்டு கம்பெனியின் ஆபீஸ். நான் அங்கே டைப்பிஸ்ட். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் தட்டெழுத்துக்குப் போகலாமா என்று மாட வீதியில் பேசாதவர்கள் கிடையாது. “பேசறவா ஆத்துலேர்ந்து அரிசி வரப்போறதா?” என்று அம்மா ஒரே வார்த்தையில் அவர்கள் வாயை அடைத்துவிட்டாள். குண்டு விழப்போகிறது என்ற பயத்தில் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய சமயம். பாடகர்கள் பாதிப் பேர் கும்பகோணம், மாயவரம் என்று கிளம்பிவிட்டார்கள். தட்டு செய்ய வேண்டிய அரக்கும் கிடைக்கவில்லை. புதிய பாட்டு எடுப்பதுதான் மானேஜரின் வேலை. எடுக்கப் பாடகரும் இல்லை, அரக்கும் இல்லை. எனக்கு டைப் அடிக்கக் காகிதம்கூட அளந்துதான் வந்தது.

பழைய தட்டுகளை வீடு வீடாக வாங்கி, உருக்கிப் புது அரக்கோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. ராயப்பேட்டையிலிருந்து ஒரு பாய் கோணிக் கோணியாகக் கொண்டுவந்து கொட்டுவார். மானேஜர் அந்தக் குவியலின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து முகர ஆரம்பித்தார். பாய்க்குத் தாங்கவில்லை. “இன்னா சார் இது, ஒடைக்கப் போற சாமானை மோந்து பாத்துக்கினு கீறீங்கோ! நமக்கு வெயிட்டுதான் சார் கணக்கு, வாசனை இல்லே” என்றார். மானேஜர் காதில் அது விழவில்லை. அவர் கையில் இருந்தது, அவர் சின்னப் பையனாக இருந்தபோது செத்துப்போன ஒரு வித்வானின் தட்டு. “இதையா உருக்கறது? இதோட அச்சு கல்கத்தாவுல பத்திரமா இருக்குமே! மறுபடி அடிச்சுப் போட்டா என்ன?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? “போட்டாப் போச்சு சார்” என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. மேலிடத்தில் முதலில் சிரித்தார்கள். பாடகருக்கு ரயில் செலவு இல்லை, பக்கவாத்தியம் இல்லை, பழைய அச்சிலிருந்து அடித்தால் போதும் என்று புரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். ஆபீஸில் அவருக்குப் ‘பழையது மானேஜர்’ என்று பட்டப் பெயர் விழுந்தது. பழையதுதான் வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று அவர் அதையும் ஏற்றுக்கொண்டார். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. எந்தத் தட்டை மறுபடி போடுவதானாலும் பாடினவர் வீட்டுக்கு, அவர் இல்லையென்றால் அவர் மனுஷாள் வீட்டுக்கு, வெற்றிலை பாக்கு பழம் தேங்காயோடு நேரில் போக வேண்டும். அவர்கள் எதிரில் தட்டை வைத்து முழுக்கக் கேட்க வேண்டும். அவர்கள் வாயால் “போடுங்கள்” என்று சொல்ல வேண்டும். கம்பெனிச் சட்டப்படி இதற்கெல்லாம் அவசியமே இல்லை. “கல்யாணப் பத்திரிகையை எவனாவது தபால்ல மட்டும் அனுப்புவானா?” என்பார். பெண்கள் வீடானால் துணைக்கு என்னையும் அழைத்துப்போவார். தாம்பூலத் தட்டு என் கையில் இருக்கும். கிராமபோன் பெட்டியை மட்டும் வேறு யாரையும் தொட விட மாட்டார்.

அந்த அம்மாளின் தட்டும் பாயின் கோணியிலிருந்துதான் வந்தது. அந்தத் தட்டைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் கிடையாது. பதினாறு வயசுப் பெண்ணாக அவள் பாடியது. காப்பி ஹோட்டல்களில் அலறும், கல்யாணப் பந்தல்களில் அலறும். ஸ்ருதியின் உயரத்தைக் கட்டை என்று சொல்வோம். அவளுடையது ஆறு கட்டை. அத்தனை மேலே நின்றுகொண்டு அப்படி ஓர் ஓட்டம் ஓடுவாள். கேட்கிற நமக்குத்தான் மூச்சு வாங்கும், பாடுகிறவளுக்கு வாங்காது. ஆனால் அந்தத் தட்டு வந்து சில வருஷங்களிலேயே அவள் பாடுவதை விட்டுவிட்டாள். கர்வம் என்றார்கள் சிலர். கண் திருஷ்டி என்றாள் என் அம்மா. உண்மை ஒருவருக்கும் தெரியாது.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவள் வீடு. மத்தியானம் போனோம். நாற்பது வயதிருக்கும், நெற்றியில் விபூதி, ஒட்டின கன்னம். “வாங்க” என்றாள். ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லை, அவள் குரலே அதுதான். அம்மியில் மணலை வைத்து அரைத்த மாதிரி ஒரு கரகரப்பு. சுவரோரமாக உறை போட்ட தம்புரா ஒன்று சாய்ந்திருந்தது.

விஷயத்தைச் சொன்னதும், “தாராளமா போட்டுக்குங்க ஐயா. ஆனா எனக்கு இங்க போட்டுக் காட்ட வேண்டாம்” என்றாள். மானேஜர் விடவில்லை. கேட்காமல் போட்டால் எனக்குச் சோறு இறங்காது என்றார். அவள் சிரித்தாள். “நான் அதைக் கேக்கறதில்லைங்க. அது வேற பொண்ணு. அன்னிக்கு ஒரு நாள் பகவான் அப்படிக் குடுத்தார். எனக்குக் காப்பாத்தத் தெரியலை, சோம்பேறிக் கழுதை, தொலைச்சுட்டேன். எங்கம்மா சாகற வரைக்கும் அதைத்தான் சொல்லிச்சு.” இதைச் சொல்லும்போது அவள் குரலில் அழுகை ஒன்றும் இல்லை. கடைக்குப் போய்விட்டு வந்த கதையைச் சொல்வது போலச் சொன்னாள்.

கடைசியில் மானேஜர் பிடிவாதம்தான் ஜெயித்தது. முதல் பக்கம் ஓடி முடிகிற வரை அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மானேஜர் தட்டைத் திருப்பிப் போட்டார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் சாவியைச் சுற்ற மறந்துவிட்டார். பாதிப் பாட்டில் ஸ்பிரிங் தளர்ந்து, குரல் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. கிராமபோன் வைத்திருந்த வீடுகளில் இது சகஜம். கடைசியில் பெண் குரல் ஆண் குரலாகி உறுமும், குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியைச் சுற்ற எழுந்தேன். அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“தொடாதே! இதோ... இந்த இடம்... இது நான்!”

அதற்குள் குரல் இன்னும் இறங்கி உறுமி நின்றுவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவள் ஓடிப்போய்த் தம்புராவின் உறையைக் கழற்றி மடியில் வைத்து மீட்டினாள். சின்ன வயசிலிருந்து அவள் பாடிப் பழகிய தம்புரா; ஐந்து கட்டையிலேயே அதை இன்னும் சேர்த்து வைத்திருந்தாள். “இன்னொரு வாட்டி வைங்க ஐயா. அந்த இடத்துக்குக் கொண்டாங்க” என்றாள். மானேஜர் சாவியை முழுக்கச் சுற்றி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். குரல் ஆறு கட்டையிலிருந்து இறங்கி இறங்கி வந்து, தம்புராவோடு ஒட்டி நின்றது.

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வது? ஓடிக்கொண்டிருந்த பாட்டு நடக்க ஆரம்பித்தது. அவசரமே இல்லாத ஒரு பெண், சொல்லை வாயில் வைத்துச் சுவைத்துவிட்டுத் தருகிற பெண், எங்கே மூச்சு எடுக்கிறாள் என்றுகூடத் தெரிந்தது. அதே பாட்டுதான். ஆனால் அதை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை என்று தோன்றியது.

மானேஜருக்கு அப்போது விளங்கிவிட்டது. அன்றைக்கு எப்படிப் பதிவு செய்தார்கள் என்று கேட்டார். ஹோட்டல் அறை ஒன்றில் வெள்ளைக்கார துரை ஒருவர் மெஷின் வைத்திருந்தாராம். ஸ்ருதிக்கு அவர்களுடைய ஆர்மோனியம். பாட்டு நீளமாக இருந்ததால் தட்டின் இரண்டு பக்கத்திலும் அடங்கவில்லை. ஒரு வரியை விடச் சொன்னார்கள், இவள் அம்மா விடக்கூடாது என்று அடம் பிடித்தாள். “துரை தலையைச் சொறிஞ்சுக்கிட்டே மெஷின்ல எதையோ திருகினாரு. அப்புறம் முழுப் பாட்டும் அடங்கிடுச்சு” என்றாள். அவ்வளவுதான். பாட்டு கொள்ளட்டும் என்று அவர் மெஷினை மெதுவாக ஓடவிட்டிருக்கிறார். மெதுவாக எடுத்த தட்டை நம் வீட்டு கிராமபோன்கள் வேகமாகச் சுற்றின. குரல் ஒரு கட்டை ஏறிவிட்டது, பாட்டும் ஓட்டம் பிடித்தது. ஊர் கேட்டு மயங்கிய அந்த ஆறு கட்டைக் குரலை இந்த உலகத்தில் யாருமே பாடவில்லை.

“ஆனா நான் பாடினேனே!” என்றாள் அவள்.

தட்டு வந்த பிறகு எந்தக் கச்சேரிக்குப் போனாலும் “பிளேட்டுல பாடின மாதிரி பாடு” என்று கூட்டத்தில் கத்துவார்களாம். ஐந்து கட்டையில் ஆரம்பித்தால் பிடில்காரரே முகத்தைச் சுளிப்பாராம். அம்மா வீட்டில் தட்டைப் போட்டுப் போட்டுக் காட்டி, “நீ பாடினதுதானேடி? அன்னிக்கு வந்தது இன்னிக்கு ஏன் வரலை?” என்று தலையில் குட்டுவாளாம். பதினாறு வயசுப் பெண், பயத்தில் பாடியவள், ஆர்மோனியமும் தன்னுடையது இல்லை. தான் ஆறு கட்டையில்தான் பாடினோம் என்று அவளும் நம்பிவிட்டாள். இருட்டோடு எழுந்து அந்த உயரத்துக்குத் தொண்டையைக் கிழித்துக்கொண்டு சாதகம் செய்தாள். எட்டியும் பிடித்தாள், கொஞ்ச காலம். அப்புறம் ஒரு கல்யாணக் கச்சேரியில் மேலே போன குரல் காற்றாக வந்தது. பிறகு வரவேயில்லை.

மானேஜர் குதிக்காத குறை. கண்ணில் ஜலம் வேறு. “அம்மா, உங்க மேல தப்பே இல்லை! நீங்க சோம்பேறியும் இல்லை, ஒண்ணையும் தொலைக்கவும் இல்லை. எல்லாம் இந்தத் திருகாணி பண்ணின வேலை!” என்று குழந்தை மாதிரி சொன்னார். நல்ல சேதி சொல்கிறோம் என்றுதான் அந்த மனுஷர் நினைத்தார், சத்தியமாக.

அவள் தம்புராவைக் கீழே வைத்தாள். “பகவான் குடுத்தார், அவரே எடுத்துக்கிட்டார்னு இத்தனை வருஷமா மனசைத் தேத்தி வச்சிருந்தேன். கோயிலுக்குப் போய் அவர்கிட்டயே அழுதேன், திட்டினேன். இப்ப வந்து ஒரு திருகாணின்னு சொல்றீங்க. நான் இனிமே யார்கிட்ட ஐயா போய் அழறது?”

மானேஜருக்கு முகம் செத்துவிட்டது. நாங்கள் எழுந்து வந்தோம். டிராமில் அவர் கிராமபோன் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டே வந்தார்.

இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். தட்டின் நடுவில் ஒட்டுகிற காகிதத்திலேயே ‘மெதுவாகச் சுழற்றிக் கேட்கவும்’ என்று பெரிதாக அச்சடித்துவிட்டால்? ஊர் முழுக்க அவளுடைய நிஜக் குரலைக் கேட்குமே! அதற்காக மேலிடத்தோடு கடிதத்திலே மல்லுக்கு நின்றார். அத்தனையும் டைப் அடித்தவள் நான். கடைசியில் சரி என்றார்கள். அச்சுக்கு முன் மாதிரிக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி தாம்பூலம் வாங்கிக்கொண்டு, இரண்டு பேரும் போனோம். செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்யப் போகிறவர் மாதிரி அவர் அன்றைக்குச் சலவைக் கோட்டு போட்டிருந்தார்.

அவள் அந்த வரியைப் படித்தாள்.

“இதை எடுத்துடுங்க ஐயா.”

“ஏம்மா? இதானே உங்க குரல்?”

“அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் இந்தப் பொண்ணுக்கும் தெரியும். போதும். ஊர்க்காரங்க கேட்டது அந்தக் குரலைத்தான். அது மேலதான் ஆசை வச்சாங்க. அதுக்காகத்தான் என் தொண்டையையே குடுத்தேன். இப்ப அதுவும் பொய்யின்னு நீங்க அச்சடிச்சு ஒட்டிட்டா, நான் குடுத்தது எதுக்குங்க?”

“உண்மை தெரிய வேண்டாமாம்மா?” என்றார் மானேஜர். குரல் கெஞ்சியது.

“அந்த உண்மை எனக்கு ஒருத்திக்குத்தானே வலிச்சது? அவங்களுக்கு எதுக்கு?”

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்து எனக்குத் தெரியாது. “உங்களுக்கு அந்தக் குரல் மேல கோபமே வரலையாம்மா?” என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “வராமயா? மூத்த தாரத்து மேல வராதா, நாத்தனார் மேல வராதா? அதுக்காக வீட்டை விட்டு வெரட்டிடுவோமா?” என்றாள்.

மானேஜர் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். தட்டு பழைய மாதிரியே வந்தது, பழைய மாதிரியே ஊர் கொண்டாடியது. அதற்குப் பிறகு அவர் எத்தனையோ பழைய தட்டுகளைத் தேடித் தேடி மறுபடி கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் தம்புராவோடு வைத்துப் பார்த்து, எந்த வேகத்தில் சுழற்ற வேண்டும் என்று அச்சடித்த பிறகுதான் வெளியே விடுவார். அந்த ஒழுங்குக்காகவே அவர் பெயர் சங்கீத வட்டாரத்தில் நின்றது. இந்த ஒரு தட்டில் மட்டும் அந்த வரி இல்லை. பெரிய மனிதர்கள் சிலர் எழுதிக் கேட்டார்கள், இதை எப்படிக் கோட்டைவிட்டீர்கள் என்று. பதில் எழுதச் சொல்லி என்னைக் கூப்பிட்டு, டைப்ரைட்டர் முன்னால் உட்காரவைத்து, வந்த கடிதத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, “போகட்டும் விடு” என்பார்.

ரிடையராகி வெகு நாள் கழித்து லஸ் முனையில் ஒரு நாள் பார்த்தேன். வெண்டைக்காய் வாங்கிக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றாக நுனியை ஒடித்து. நலம் விசாரித்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல், “அன்னிக்கு நான் சாவியை ஒழுங்காச் சுத்தியிருக்கணும்மா” என்றார். “சுத்தியிருந்தா அவங்க இன்னும் தன்னைச் சோம்பேறின்னுதானே சார் நினைச்சிட்டிருப்பாங்க?” என்றேன். “அதுவும் சரிதான்” என்றார். பிறகு, “அதுவும் சரியில்லையே” என்றார். காய்காரி இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

இப்போது அந்த அம்மாளும் இல்லை, அவரும் இல்லை. போன மாதம் ஓர் இளைஞர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். பழைய பாட்டுகளையெல்லாம் கேசட்டாகப் போடுகிறார்களாம். “மாமி, இப்ப மெஷின்ல வேகத்தை எப்படி வேணும்னாலும் மாத்திக்கலாம். அவர் எல்லாத் தட்டிலும் வேகம் போட்டிருக்கார், இந்த ஒண்ணுல மட்டும் இல்லை. எங்களுக்கென்னவோ இது ஸ்லோவா எடுத்ததுன்னு படறது. அவரோட வேலை பார்த்தவா நீங்க ஒருத்தர்தான் இருக்கேள். எது சரி, நீங்க சொன்னா அப்படியே போட்டுடறோம்” என்றார். ஒரு பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் வேகமாகவும் எடுத்த கேசட் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல பிள்ளை, என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மெதுவான பக்கத்தை முதலில் கேட்டேன். குளத்துக்குப் பின்னால் அந்த மத்தியானம் கேட்டதற்கு அப்புறம் இப்போதுதான். ஓவென்று அழுதேன். என் சொந்த மனுஷாள் போனபோதுகூட அப்படி அழுததில்லை. சந்தேகமே இல்லை, இதைத்தான் போடச் சொல்ல வேண்டும், அந்தப் பெண் இனிமேலாவது ஊர் காதில் விழட்டும் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு டெலிபோன் பக்கம் போனேன். எடுக்குமுன், மற்றதையும் ஒரு தடவை கேட்டுவிடுவோமே என்று கேசட்டைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பாழாய்ப்போன குரல் விர்ரென்று மேலே ஏறியது. இதை எட்டிப் பிடிக்கத்தானே அவள் இருட்டில் எழுந்து உட்கார்ந்தாள், இதற்குத்தானே அத்தனையையும் கொடுத்தாள் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து வைத்தேன். டெலிபோன் அடித்தது, அந்த இளைஞராகத்தான் இருக்கும். பாட்டை நிறுத்திவிட்டுப் போய் எடுக்க எனக்கு மனசு வரவில்லை.